கண்ணெதிரே திருடுகிறான்: பிடிப்பதா, விடுவதா? ஒரு மளிகைக் கடைக்காரனின் முழு வழிகாட்டி

எங்கள் கடையில் அதிகம் காணாமல் போகும் சரக்கு எது என்று கேட்டால் எல்லோரும் சாக்லேட் என்பார்கள். ஏலக்காய்தான். பத்து கிராம் பாக்கெட் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், விலைதான் அடங்காது. அதற்கடுத்து ரேஸர் பிளேடு, முந்திரி, பேட்டரி. தென்காசிப் பக்கம் பதினாறு வருடமாகக் கடை நடத்துகிறேன். அப்பா காலத்தில் கேட்டதை எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கடை. நான் வந்து ரேக் அடித்து, வருகிறவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று மாற்றிய வருடம் ஆரம்பித்தது இந்தத் தலைவலி. இத்தனை வருடத்தில் திருடியவர்களைப் பிடித்திருக்கிறேன், தெரிந்தே விட்டிருக்கிறேன், ஒருமுறை திருடாத ஒருவரையும் பிடித்திருக்கிறேன்.

அதனால் முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பொருள் திரும்பிவர என்ன வழியோ அதைச் செய்யுங்கள், ஆளைப் பிடிக்க ஆசைப்படாதீர்கள். நம்மை ஏமாற்றிவிட்டானே என்ற கடுப்பில் இரண்டும் ஒன்று போலத் தோன்றும், கை முறுக்கும், கால் தானாக வாசலை நோக்கி ஓடும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. கடைக்காரர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் வீட்டில், தெருவில் நடப்பதற்கும் தனியாகச் சொல்லியிருக்கிறேன். சட்ட விவரங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டங்களின்படி. வழக்கு என்று வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள், என்னை நம்பி நிற்காதீர்கள்.

முதல் படி: நிஜமாகவே பார்த்தீர்களா?

ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம். கடையில் நிற்க இடமில்லை. கல்லாவுக்கு மேலே இருக்கும் கேமரா திரையில், அறுபது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு அம்மா நெய் பாட்டிலைப் பைக்குள் வைப்பதைப் பார்த்தேன். பாட்டில் தெரிந்தது, பை தெரிந்தது, போதாதா? வாசலில் மறித்து, "பையைக் காட்டுங்க" என்றேன், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில். அவர் ஒன்றும் சொல்லாமல் பையைக் கவுன்டரில் கவிழ்த்தார். நெய் இருந்தது, கூடவே வேறொரு கடையின் பில்லும் இருந்தது. அங்கே வாங்கிய பாட்டிலை எடுத்து எங்கள் விலையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்திருக்கிறார், நான் பார்த்தது அந்தப் பாதியை மட்டும். மன்னிப்புக் கேட்டேன். அவர் பொருள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் எடுத்து வைத்தார், அவசரமே இல்லாமல், அது முடிகிற வரை அங்கே நின்றது இன்னும் எனக்குக் கூசுகிறது. இப்போதும் எங்கள் தெரு வழியாகத்தான் கோயிலுக்குப் போகிறார். கடை வரும்போது மட்டும் சாலையின் அந்தப் பக்கம் மாறிக்கொள்வார்.

அதற்குப் பிறகு கடைப்பையன்களுக்கு நான் சொல்லிவைத்திருப்பது இதுதான்: நம் ரேக்கிலிருந்து எடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும், மறைத்ததைப் பார்த்திருக்க வேண்டும், நடுவில் கண்ணை எடுக்காமல் இருந்திருக்க வேண்டும், பணம் கொடுக்காமல் கவுன்டரைத் தாண்டியிருக்க வேண்டும். நாலில் ஒன்று குறைந்தாலும் "திருட்டு" என்ற சொல் வாயிலிருந்து வரக் கூடாது. நேர்மையில்லாத எண்ணத்தோடு பொருளை நகர்த்தினாலே சட்டத்தில் திருட்டுதான், வாசல் தாண்டியாக வேண்டும் என்பதில்லை. ஆனால் எண்ணத்தை எப்படி நிரூபிப்பீர்கள்? "பில் போடத்தான் வந்துகொண்டிருந்தேன்" என்று ஒருவர் சொன்னால் உங்களிடம் பதில் கிடையாது.

இன்னொன்று. நாம் யாரைப் பார்த்துச் சந்தேகப்படுகிறோம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அழுக்குச் சட்டை, ஊசிமணி விற்க வந்தவர், வெளிமாநிலத் தொழிலாளி, இவர்கள் உள்ளே வந்தாலே கண் பின்னாலேயே போகும். ஒரு கூட்டத்தையே பிறவித் திருடர்கள் என்று பதிவேட்டில் எழுதி வைத்த ஊர் இது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, அதை எதிர்த்து நின்றவர்கள் மேல் 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டி பக்கம் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச்சூடே நடந்தது, 1947-ல்தான் இங்கே அந்தச் சட்டம் போனது. சட்டம் போய்விட்டது, பார்வை முழுசாகப் போகவில்லை. என் கடையில் கையும் களவுமாகச் சிக்கியவர்களில் பாதிப்பேர் கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு வந்தவர்கள்.

இரண்டாம் படி: அவனுக்கு வெளியே போகிற வழி எது?

சரி, பார்த்தது உறுதி. அடுத்து ஆளை எடை போடுவதை விட இடத்தை எடை போடுங்கள். வாசலுக்கும் அவனுக்கும் நடுவில் நீங்கள் நிற்கிறீர்களா? அப்படியென்றால் நகர்ந்துகொள்ளுங்கள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது, அந்த மாதிரி நிலையில்தான் மாட்டிக்கொண்டவன் இருப்பான், தப்பிக்க வேண்டும் என்பதைத் தவிர அவன் மண்டையில் வேறு எதுவும் ஓடாது. வழி இருந்தால் ஓடுவான். வழியில் நீங்கள் நின்றால் உங்களைத் தள்ளிவிட்டு ஓடுவான், கையில் ஏதாவது இருந்தால் அதையும் வீசுவான். திருடிய பொருளைக் கொண்டுபோவதற்காக ஒருவரைக் காயப்படுத்தினால் அந்த நிமிடமே திருட்டு வழிப்பறியாக மாறிவிடும், தண்டனை பத்து வருடம் வரை போகும், எல்லாம் சரிதான், குத்துப்பட்டது உங்கள் வயிறாயிற்றே.

குடித்திருக்கிறானா, கூட ஆள் இருக்கிறதா, வெளியே பைக்கை அணைக்காமல் ஒருவன் காத்திருக்கிறானா, கை பாக்கெட்டுக்குள்ளேயே இருக்கிறதா, கடையில் நீங்கள் தனியாளா, பக்கத்தில் குழந்தைகள் நிற்கிறார்களா. இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் விட்டுவிடுங்கள். முகம், சட்டை நிறம், வண்டி எண், போன திசை, மணி. இவ்வளவையும் மனதில் வாங்கிக்கொண்டு, அவன் போனவுடன் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். ஐந்து நிமிடம் தள்ளினால் சட்டை நிறத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வார்கள், பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: வாயைத் திறப்பது எப்படி

ஆபத்து இல்லை, பொருள் இன்னும் கடைக்குள்தான் இருக்கிறது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சொதப்புகிறோம். குற்றம் சாட்டாதீர்கள், வியாபாரம் பேசுங்கள். அருகில் போய், மெதுவான குரலில், "அக்கா, அந்த ஏலக்காயையும் சேர்த்துப் பில் போட்டுடவா?" அவ்வளவுதான். பத்துக்கு எட்டுப் பேர், "ஐயோ, ஆமா தம்பி, மறந்தே போச்சு" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். மறக்கவில்லை என்று அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்குத்தான் இந்தப் பேச்சே. நிஜமாகவே மறந்தவராக இருந்தால் அவருக்கும் அவமானம் இல்லை. நெய் பாட்டில் அம்மாவிடம் நான் இப்படிக் கேட்டிருந்தால் பில்லைக் காட்டிவிட்டுச் சிரித்திருப்பார்.

இளவட்டங்களிடம் "தம்பி, கூடை வேணுமா?" என்று கேட்டு ஒரு கூடையை நீட்டுவேன். கையில் இருப்பதைக் கூடையில் போட்டாக வேண்டிய நிலை வந்துவிடும். சிலர் அடுத்த ரேக்குக்குப் போய் பொருளைப் பேரீச்சம்பழ டப்பாக்களுக்கு நடுவில் சொருகிவிட்டுப் போவார்கள். போகட்டும், பொருள் கிடைத்ததா இல்லையா?

"இல்லையே, நான் எதையும் எடுக்கலையே" என்று முறைத்தால்? ஒரே ஒரு முறை, "சரிங்க, கேமராவுல பாத்துக்கறேன்" என்று சொல்லி நிறுத்துங்கள். விவாதம் வேண்டாம், கையைப் பிடிக்க வேண்டாம், பையைப் பிடுங்க வேண்டாம். எடுத்து வைத்தால் நன்றி சொல்லுங்கள், போனால் போகவிடுங்கள், மறுமுறை வந்தால் கடைப்பையன் ஒருவன் கூடவே நடக்கட்டும், "என்ன வேணும்ணே, நான் எடுத்துத் தரேன்" என்று. அந்த உபசாரம் தாங்காமல் அவரே வேறு கடை பார்த்துக்கொள்வார்.

நான்காம் படி: பிடித்துத்தான் ஆகவேண்டுமா? அப்படியானால் சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும்?

பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு இது. தனி ஆள் ஒருவர் குற்றவாளியைப் பிடித்து வைக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது, பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-வது பிரிவு. ஆனால் குற்றம் உங்கள் கண்முன் நடந்திருக்க வேண்டும், அது ஜாமீனில் வர முடியாத குற்றமாகவும் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாகவும் இருக்க வேண்டும், பிடித்த ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். புதிய சட்டத்தில் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான திருட்டு என்றால், முதல் முறை தண்டிக்கப்படுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை, அந்த வகைக் குற்றத்தைப் போலீஸ் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத, ஜாமீனில் விடக்கூடிய பட்டியலில் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். இருநூறு ரூபாய் ஏலக்காய்க்காக ஒருவரைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தால் உங்கள் காலுக்குக் கீழே சட்டம் இருக்கிறதா என்பதே கேள்விக்குறி. குடோனில் வைத்துப் பூட்டினால் சட்டவிரோதச் சிறைவைப்பு என்று வழக்கு உங்கள் மேல் வரும், ஒரு அறை விட்டால் காயப்படுத்திய குற்றம் தனி.

பெரிய தொகை, கண்முன் நடந்தது, ஆபத்தில்லை, ஆள் ஓடவில்லை என்றால் மட்டும் உட்காரச் சொல்லுங்கள். 112-க்கோ 100-க்கோ உடனே அடியுங்கள், அடித்த நேரம் பதிவாகும், ஆறு மணி நேரக் கணக்குக்கு அதுவே சாட்சி. கதவு திறந்தே இருக்கட்டும். தண்ணீர் கொடுங்கள். பெண் என்றால் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் கூட இருக்க வேண்டும். உடம்பைத் தடவிச் சோதிக்கும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது, ஆண் என்றாலும். "நான் திருடினேன்" என்று எழுதி வாங்குவதில் அர்த்தமில்லை, மிரட்டி வாங்கியது என்று ஒரு வரியில் உடைந்துவிடும், அதற்குப் பிறகு நீங்கள்தான் மிரட்டியவர்.

அப்புறம் அந்தப் போர்டு. "திருடினால் பத்து மடங்கு அபராதம்" என்று சில கடைகளில் பெரிதாக எழுதி ஒட்டியிருப்பார்கள். அபராதம் போட நாம் யார்? போலீசுக்குச் சொல்லிவிடுவேன் என்று பயமுறுத்திப் பணம் வாங்கினால் அதற்குப் பெயர் வேறு, மிரட்டிப் பணம் பறித்தல். பொருளின் விலையை வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் பில் போட முடியாத ரூபாய்.

ஐந்தாம் படி: கூட்டம் சேர்ந்தால்

"திருடனுக்குத் தர்ம அடி" என்று நம் பத்திரிகைகள் எத்தனை முறை எழுதியிருக்கும். அடிக்குத் தர்மம் என்று பெயர் வைத்த ஆள் யாரென்று தெரியவில்லை, ஆனால் அந்தப் பெயர் இருப்பதால்தான் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட பைக்கை நிறுத்திவிட்டு வந்து ஒரு அடி போட்டுவிட்டுப் போகிறார்கள், ஏதோ அன்னதானத்தில் கைநனைத்த மாதிரி. கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதை மேல் ஏற்றிய காலத்தின் மிச்சம், இப்போது கூடவே செல்போன் வீடியோவும்.

2018 பிப்ரவரியில் கேரளத்தின் அட்டப்பாடியில் ஒரு பழங்குடி இளைஞரைக் கடைகளில் அரிசியும் மளிகைச் சாமானும் திருடினார் என்று சொல்லிக் கையைக் கட்டி அடித்தார்கள், அவரோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். போலீஸ் வண்டியில் போகும் வழியில் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மன்னார்க்காடு நீதிமன்றம் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது, பதின்மூன்று பேருக்கு ஏழு வருடக் கடுங்காவல். அவர்களில் யாரும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு ஆளைக் கொல்லப் போகிறோம் என்று கிளம்பியிருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு அடிதான். எந்த அடி உயிரை எடுத்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அதனால் "திருடன், திருடன்" என்று தெருவைப் பார்த்துக் கத்துவதற்கு முன் யோசியுங்கள், கூட்டத்தைக் கூட்டுவது ஒரு வார்த்தை, கலைப்பது முடியாத காரியம். கூடிவிட்டால் உங்கள் வேலை தலைகீழாகிவிடும், இப்போது திருடனைக் காப்பாற்ற வேண்டியவர் நீங்கள்தான். அவரைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு ஷட்டரைப் பாதி இறக்குங்கள், "போலீஸ் வந்துக்கிட்டிருக்கு, யாரும் கை வைக்காதீங்க" என்று சத்தமாகச் சொல்லுங்கள். காயம் இருந்தால் 108. வீடியோ எடுப்பவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேமராவில் பதிந்த முகத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இவரைத் தெரியுமா" என்று கேட்பதும் வேண்டாம், தவறான ஆளாக இருந்தால் அவதூறு வழக்கு, சரியான ஆளாக இருந்தாலும் அவர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

வீட்டுக்குள், ராத்திரியில்

இது வேறு கணக்கு. கடையில் போனது சரக்கு, இங்கே உள்ளே தூங்குவது உங்கள் ஆட்கள். சட்டமும் இதை வேறாகத்தான் பார்க்கிறது. சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கும்போது அவன் உயிரே போனாலும் தற்காப்பு என்று வாதிட இடமுண்டு, ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடி கூடப் போகக் கூடாது. அவன் ஓடிய பிறகு துரத்திப் போய் அடித்தாலோ, விழுந்தவனை அடித்தாலோ, கட்டிப்போட்டு அடித்தாலோ அது தற்காப்பில் சேராது.

செய்ய வேண்டியது என்னவோ சின்ன விஷயம்தான். சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்க்காதீர்கள். எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து, தாழ்ப்பாள் போட்டு, விளக்கைப் போட்டு, போனில் பேசுகிற மாதிரி உரக்கப் பேசுங்கள், பிறகு நிஜமாகவே 112-க்குப் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மிஸ்டு கால். விளக்கும் பேச்சுக் குரலும் போதும், நுழைந்தவன் கிளம்புவதற்குத்தான் பார்ப்பான். மாடியிலிருந்து அரிவாளோடு இறங்கி வருவது சினிமாவில் நன்றாக இருக்கும். இருட்டில் உங்கள் வீட்டு மேசை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே இடித்துத்தான் தெரியும், பயந்து பதுங்கியிருப்பவனுக்கு நீங்கள் வருவது தெளிவாகக் கேட்கும்.

விடிந்த பிறகு பீரோவைத் தொடாதீர்கள். என்ன போயிற்று என்று எல்லாவற்றையும் கிளறிப் பார்க்கத்தான் கை போகும். கைரேகை எடுக்க ஆள் வரும் வரை வாசல்படியிலேயே உட்காருங்கள்.

தெருவில் சங்கிலி, செல்போன்

சங்கிலி பறிப்புக்குப் புதிய சட்டத்தில் தனிப் பிரிவே வந்திருக்கிறது. ஆனால் நான் சொல்ல வருவது கழுத்தைப் பற்றி. எங்கள் சித்தி தாலிச் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டார், பைக் ஓடிக்கொண்டிருந்தது, பத்தடி இழுபட்டார். சங்கிலி பாதி அவர் கையில், பாதி அவன் கையில், தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம். தாலியை விடு என்று ஒரு பெண்ணிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அன்றைக்குச் சித்தப்பா ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னதையே சொல்கிறேன்: "மஞ்சக் கயிறு பத்து ரூபா, நீ விட்டிருக்கலாம்ல." பைக்கில் போகும்போது பறித்தால் இன்னும் மோசம், வண்டி சாயும், பின்னால் லாரி வரும். விடுங்கள். துரத்தாதீர்கள். வண்டி எண்ணின் கடைசி நாலு இலக்கம், ஹெல்மெட் நிறம், எந்தப் பக்கம் திரும்பினான், இது போதும்.

செல்போன் என்றால் அழுவதற்கு முன் வேலை இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கி வங்கிக்கு அடித்து யுபிஐயையும் கார்டையும் முடக்குங்கள், பிறகு சிம்மை முடக்குங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. அடுத்து புகார், புகார் நகலை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய தனி எண்ணைக் கொடுத்துப் போனையே முடக்கலாம், அதன் பிறகு அதில் வேறு சிம் போட்டாலும் வேலை செய்யாது. ஐஎம்இஐ எண் தெரியாதே என்பவர்கள், படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே *#06# அடித்து, வருகிற எண்ணை வீட்டு ரேஷன் கார்டு உறையின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.

வேலை பார்ப்பவர் மேல் சந்தேகம்

இதுதான் எல்லாவற்றிலும் கசப்பானது. கல்லாவில் ஐந்நூறு குறைகிறது, மனசு ஒரு முகத்தை நினைக்கிறது. முகத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். ஒரு வாரம் தினமும் மூடும்போது கல்லாவை இரண்டு பேர் எண்ணட்டும், சரக்கை ரேக் வாரியாக எடுங்கள், எந்த நாள் எந்த நேரம் குறைகிறது என்று பாருங்கள். எங்கள் கடையில் ஒருமுறை இப்படிப் பார்த்தபோது, குறைந்ததெல்லாம் நான் மத்தியானம் சாப்பிடப் போகும் நேரத்தில் அப்பா பில் போடாமல் தெரிந்தவர்களுக்குக் கொடுத்த கடன். ஒரு மாதம் நான் ஒரு பையனை முறைத்துக்கொண்டிருந்தேன்.

உறுதியானால் தனியாகக் கூப்பிட்டு, கணக்கைக் காட்டி, "இதைப் பாத்து நீயே சொல்லு" என்று கேளுங்கள். முதலாளியின் பொருளை வேலையாள் திருடினால் ஏழு வருடம் வரை தண்டனை உண்டு, அது அவருக்கும் தெரிந்திருக்கும், நீங்கள் சொல்லிக்காட்ட வேண்டாம். வேலையை விட்டு அனுப்புவதா, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரச் சொல்வதா என்பது உங்கள் விருப்பம். அந்த மாதச் சம்பளத்தை முழுசாக நிறுத்தி வைப்பது தனித் தகராறு.

ஆதாரம் இல்லாமல் ஒரு பெயரை மட்டும் போலீசில் சொல்லாதீர்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர், காரில் இருந்த நகையைக் காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டு, அடிபட்டே இறந்துபோனார். போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. காணாமல் போனதை எழுதுங்கள், எப்போது, எங்கே, யாரெல்லாம் வந்துபோனார்கள் என்று எழுதுங்கள். "இவன்தான்" என்று எழுத உங்களிடம் கண்ணால் கண்டதோ கேமராவோ இருக்க வேண்டும்.

ஸ்டேஷனில்

கேமரா பதிவைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். பெட்டி நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது பதியும், சில கடைகளில் ஒரு வாரத்துக்குக்கூட இருக்காது. அன்றைக்கே பென்டிரைவில் எடுங்கள், வெட்டாமல், முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து. நீதிமன்றத்துக்குப் போகும்போது அதற்கு ஒரு சான்றிதழ் கேட்பார்கள், பதிவு எந்தக் கருவியில், யார் பொறுப்பில் இருந்தது என்று.

பெரிய திருட்டென்றால் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், நகல் இலவசம். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை எங்களுடையதில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது. ஆன்லைனில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். சின்னத் திருட்டுக்கு, புகாரை வாங்கிக்கொண்டோம் என்று கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதுதான் கிடைக்கும், அதையாவது வாங்காமல் வராதீர்கள். "எதுக்கு சார், இருநூறு ரூபாய்க்கு" என்று சிரிப்பார்கள், நானும் சிரித்துக்கொண்டே நிற்பேன். அதே ஆள் மூன்று கடையில் இருநூறு இருநூறாக எடுத்திருந்தால் மூன்று ரசீதும் சேர்ந்து ஒரு கதை சொல்லும்.

யாரை விடலாம், யாரை விடக் கூடாது

ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை செய்வது சட்டப்படி குற்றமே இல்லை. அதற்கு மேல் பதினெட்டு வரை சிறார் சட்டம், படமோ பெயரோ வெளியே போகக் கூடாது. என் வழக்கம், பிள்ளையிடம் பொருளை வாங்கி வைத்துவிட்டு, "அம்மாவோட வா, தரேன்" என்பது. வீட்டில் போய்ச் சொன்னால் அடி பின்னிவிடுவார்கள் என்று தெரிந்தால் சொல்வதும் இல்லை. பிள்ளையைத் திருட அனுப்பியது ஒரு பெரியவர் என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098.

பால் பவுடர், அரிசி, பிஸ்கட் எடுப்பவரை நான் பிடிப்பதில்லை. ஒருமுறை ஒரு பெண் குழந்தைக்கான பால் பவுடர் டப்பாவைச் சேலைக்குள் வைத்தார், கடைக்கு வெளியே போய், "அம்மா, அது பழைய தேதி போட்டது, குழந்தைக்குக் குடுக்காதீங்க, வேற தரேன்" என்றேன். பொய்தான். மாற்றிக் கொடுத்தேன், காசு கேட்கவில்லை. அடுத்த மாதம் வந்து இரண்டு டப்பாவுக்குக் காசு வைத்தார், ஒன்று மட்டும்தான் வாங்கினார். எப்போதும் இப்படி நடக்காது, இன்னொருவருக்கு இதே மாதிரி விட்டுக் கொடுத்ததில் வாரம் ஒரு டப்பா போனது.

ஆயுதத்தோடு வந்தவன், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடாகப் பார்த்து நுழைபவன், ஒரே தெருவில் திரும்பத் திரும்ப வருபவன், இவர்களை அந்த நிமிடம் விட்டாலும் புகாரை விடாதீர்கள். உங்களுக்குப் போனது சின்னதாக இருக்கலாம், அடுத்த வீட்டில் காது கேட்காத ஆச்சி இருப்பார்.

கடைசியாக ரேக்

பிடிப்பதா விடுவதா என்ற கேள்வியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு. ரேக்குகளை மார்பு உயரத்துக்குக் குறைத்தேன், கல்லாவிலிருந்து கடைசி வரிசை தெரிகிற மாதிரி திருப்பினேன், மூலையில் ஒரு வட்டக் கண்ணாடி மாட்டினேன், நுழைபவர்கள் எல்லோருக்கும் "வாங்க" என்று ஒரு குரல் போகிறது. பிளேடும் பேட்டரியும் கவுன்டருக்கு வந்துவிட்டன. ஏலக்காய் கல்லாவுக்குப் பின்னால், அப்பா வைத்திருந்த அதே கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. கேட்டால் நிறுத்துக் கொடுக்கிறோம்.